சக்கரங்களின் தேசம் – 14: பம்ப் சொல்லும் கணக்கு

மேற்கு டெக்ஸாஸில் 10-ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் சின்ன ஊர் ஃபோர்ட் ஸ்டாக்டன். சான் அன்டோனியோவில் காலையில் கிளம்பி 310 மைல், அதாவது ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வந்திருந்தோம். பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதும் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் செய்த முதல் காரியம், முன்சீட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன ஸ்பைரல் நோட்டை எடுத்ததுதான். அட்டையெல்லாம் கிரீஸ் கறை. கம்பிச் சுருளுக்குள் ஒரு குட்டிப் பென்சில். உள்ளே தேதி, ஓடோமீட்டர், கேலன், விலை என்று நான்கு பத்திகள். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட விடாமல் எழுதி வருகிறார்.

அவர் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். வண்டி முழு அளவு பிக்கப் ட்ரக். இந்த ரகத்தை இங்கே 'அரை டன்' என்பார்கள். அந்தக் காலத்தில் பின்தொட்டியில் அரை டன் ஏற்றலாம் என்பதால் வந்த பெயர். இன்றைய வண்டிகள் அதைவிட அதிகம் சுமக்கும், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், டர்போ வைத்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், வெறும் எடையே 2 டன்னுக்கு மேல்.

நாசில் 'டக்'கென்று நின்றதும் எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பிடிக்குமே என்று அழுத்தவில்லை. "ஒவ்வொரு தடவையும் முதல் சத்தத்தில் நிறுத்தினால்தான் கணக்கு ஒத்துப்போகும்" என்றார். பம்ப் 18.2 கேலன் காட்டியது. 310-ஐ 18.2-ஆல் வகுத்தால் கேலனுக்கு 17 மைல். டேஷ்போர்டு திரையில் 18.1 என்று எரிந்துகொண்டிருந்தது. இந்த வண்டி ஷோரூமில் நின்றபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், நெடுஞ்சாலையில் 23 கொடுக்கும் என்று சொன்னதாம்.

நம் கணக்குக்கு மாற்றிக்கொள்வோம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஆக 17 என்பது லிட்டருக்கு 7.2 கிலோமீட்டர், 23 என்பது 9.8. 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?' என்று கேட்டுவிட்டு பைக் வாங்குகிறவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகப் புரியும்.

திரையில் தெரியும் எண்ணை முதலில் பார்த்துவிடலாம். டேஷ்போர்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை நேராக அளப்பதில்லை. இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்து மூடின என்பதை வைத்து, இவ்வளவு எரிந்திருக்கும் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் வண்டிக்குச் சாதகமாகவே சாய்கிறது. பம்ப் அப்படியல்ல. அது விற்பனைக்கான அளவைக் கருவி, அதிகாரிகள் சோதித்து முத்திரை வைப்பது. ஓடோமீட்டரும் பம்பும் சேர்ந்து சொல்வதுதான் மைலேஜ்.

ஓடோமீட்டரிலும் ஒரு கண்ணி உண்டு. பிக்கப் வைத்திருப்பவர்களில் பலர் கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர் போடுகிறார்கள். கம்பெனி கொடுப்பது 32 அங்குலத்துக்கு அருகில். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். வண்டியின் கம்ப்யூட்டரில் அளவை மாற்றிப் பதியாவிட்டால் ஓடோமீட்டருக்கு அது தெரியாது. 109 மைல் ஓடினால் 100 என்றுதான் காட்டும். கனமான டயர் உண்மையிலேயே எண்ணெய் குடிப்பது ஒரு பக்கம், தூரம் குறைத்துப் பதிவாவது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டதாகத் தோன்றும்.

சரி, 23 எங்கிருந்து வந்தது?

அது பொய்யான எண் அல்ல. ஆனால் அது பிறந்த சாலை வேறு. கம்பெனிக்காரர்கள் ஒரு சமதளப் பாதையில் வண்டியை மணிக்குச் சுமார் 115 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், நியூட்ரலில் விட்டு, அது தானாக வேகம் குறைவதை அளக்கிறார்கள். காற்றும் டயரும் எவ்வளவு பின்னிழுக்கின்றன என்பது இதில் தெரிந்துவிடும். பிறகு ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, அதே இழுப்பை உருளைகளுக்குக் கொடுத்து, ஓட்டிப் பார்க்கிறார்கள். சோதனைகளைக் கம்பெனிகளே செய்துகொள்கின்றன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் உள்ள தன் கூடத்தில் 15 முதல் 20 சதவீத மாடல்களை மட்டும் மறுபடி சோதிக்கிறது.

அந்த நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல். உச்சமே 60 மைல்தான். நாடு முழுவதும் 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று 1974-இல் சட்டம் போட்ட காலத்தின் சோதனை அது. அந்தச் சட்டம் 1995-இல் போய்விட்டது. 2008 மாடலிலிருந்து 80 மைல் வரை விரட்டும் சோதனை, ஏசி போட்ட சோதனை, உறைகுளிர்ச் சோதனை ஆகியவற்றையும் சேர்த்து எண்ணைக் கீழே இறக்கினார்கள். நல்ல திருத்தம். ஆனாலும் பல மாடல்களுக்கு ஐந்து சோதனைகளையும் ஓட்டுவதில்லை. பழைய நகர, நெடுஞ்சாலைச் சோதனைகள் இரண்டை மட்டும் ஓட்டி, மீதியைச் சூத்திரத்தால் கழித்துக்கொள்கிறார்கள்.

நாங்கள் வந்த சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகமே 80 மைல். அதே டெக்ஸாஸில் 130-ஆம் எண் சுங்கச் சாலையின் ஒரு பகுதியில் 85 வரை போகலாம். அமெரிக்காவிலேயே அதுதான் அதிகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 60-இலிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்று தள்ளுவதோ முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. காருக்கும் இதே விதிதான். ஆனால் முழு அளவு பிக்கப்பின் முகம் சுவர் மாதிரி. உயரம், அகலம், நிமிர்ந்த கிரில், பெரிய கண்ணாடிகள். காரைவிட வேகத்தின் விலை இதற்கு அதிகம்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். பின்தொட்டியின் கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும், மைலேஜ் கூடும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று சுழன்றுகொண்டே ஒரு மெத்தை மாதிரி தங்கிவிடும். மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போய்விடும். கதவை இறக்கினால் அந்த மெத்தை கலைந்துவிடுகிறது.

திரும்பி வரும்போது பெரியவரிடம் 65-இல் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. சான் அன்டோனியோவில் அதே மாதிரி முதல் சத்தத்தில் நிறுத்தியபோது பம்ப் 14.4 கேலன் காட்டியது. கேலனுக்கு 21.5 மைல், லிட்டருக்கு 9.1 கிலோமீட்டர். முழுப் பெருமையையும் வேகத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. ஃபோர்ட் ஸ்டாக்டன் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். அதைக் கழித்தாலும் காலையில் எரித்ததில் ஒரு பகுதி காற்றோடு மல்லுக்கட்டவே போயிருக்கிறது.

நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தேன். சில வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். அந்த வரிகளில் மட்டும் மைலேஜ் 8, 9 என்று கிடந்தது. கேம்பர் ட்ரெய்லர் இழுத்த நாட்கள் என்றார். லிட்டருக்கு 4 கிலோமீட்டர்கூட இல்லை. ட்ரெய்லரின் எடைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. மின்சாரக் கம்பிச் சுருள்களை ஏற்றிய தட்டையான ட்ரெய்லரும் அதே எடைதானாம், அதற்கு இவ்வளவு இறங்கவில்லையாம். கேம்பர் ஒரு நகரும் வீடு. ட்ரக்கின் தலைக்கு மேல் எழும்பி நிற்கும் அந்தச் சுவர்தான் காற்றை வாங்குகிறது. எடை ஏற்றத்தில் வாங்கும், காற்று வழி முழுக்க வாங்கும். விளம்பரங்களில் 'இத்தனை டன் இழுக்கும்' என்பது கொட்டை எழுத்தில் வரும். இழுக்கும்போது எவ்வளவு குடிக்கும் என்பது ஸ்டிக்கரில் எங்கும் இல்லை. அப்படி ஒரு சோதனையே அந்த ஸ்டிக்கருக்குக் கிடையாது.

எரிபொருளும் ஒரே சீராக இல்லை. இங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால்; அதனால் மைலேஜ் மூன்று சதவீதம் போல் குறையும். பல பிக்கப்கள் எத்தனால் மிகுந்த ஈ85-இலும் ஓடும். விலை குறைவு என்று அதைப் போட்டால் மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் வரை இறங்கிவிடும். எத்தனாலில் அடங்கிய சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நம் ஊரில் ஈ20 வந்த பிறகு நடக்கும் பேச்சுக்கும் அடியில் இருப்பது இதே கணக்குதான்.

பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015 மாடல் எஃப்-150-க்கு ஃபோர்டு அலுமினிய உடல் கொடுத்து 300 கிலோ வரை எடையைக் குறைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து பத்து கியர் பெட்டி செய்தன. ஜெனரல் மோட்டார்ஸின் 2019 சில்வராடோ பிக்கப்பின் எட்டு சிலிண்டர்களும் தேவைப்படாதபோது பதினேழு வகையாக மாறி மாறி ஓய்வெடுக்கும். 2021-இல் வந்த எஃப்-150 ஹைப்ரிட், ஃபோர் வீல் டிரைவில் ஊருக்குள்ளும் வெளியிலும் 24 மைல் என்று ஸ்டிக்கர் வாங்கியது. டீசலில் வந்த நல்ல எண்களுக்கு ஒரு கறையும் உண்டு. 2014 முதல் 2016 வரையிலான ராம் 1500 டீசல் வண்டிகளில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக அரசு குற்றம் சாட்டியது. ஃபியட் கிரைஸ்லர் 2019-இல் அபராதம் கட்டச் சம்மதித்தது, அதன் அமெரிக்க நிறுவனம் 2022-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இத்தனை வேலை நடந்தும் எண் ஏன் இருபதை ஒட்டியே நிற்கிறது? விடை சட்டத்தில் இருக்கிறது. 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. கார்களுக்கு 1978-இல் 18 மைல், 1985-க்குள் 27.5 என்று படி வைத்தார்கள். பிக்கப்புக்குத் தனிப் படி, தாழ்ந்த படி. விவசாயியும் கொத்தனாரும் பிழைப்புக்கு வைத்திருக்கும் வண்டி என்பது நியாயமான காரணம்தான். ஆனால் 1996 முதல் 2004 வரை அந்தப் படி 20.7-இலேயே அசையாமல் நின்றது. அந்த ஆண்டுகளில்தான் பிக்கப் குடும்ப வண்டியாக மாறியது. பிறகு வந்த திருத்தத்தில், நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெரிதானால் இலக்கு குறையும் என்று வைத்தார்கள். வண்டியைப் பெரிதாக்கினால் பரீட்சை சுலபமாகும். சென்ற வாரம் பார்த்த 25 சதவீத இறக்குமதி வரியான 'கோழி வரி' வெளிநாட்டுச் சிறு பிக்கப்களை உள்ளே விடவில்லை. இந்தப் பரப்பு விதி உள்ளூர் பிக்கப்களைச் சிறிதாக விடவில்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், இலக்கைத் தவறவிட்டால் கட்ட வேண்டிய அபராதத்தையே பூஜ்யம் ஆக்கிவிட்டது.

இருபதில் ஒன்றிரண்டு கூடினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றலாம். இங்கேதான் நம் கண் ஏமாறுகிறது. 14 கிலோமீட்டர் கொடுத்த காரை விற்றுவிட்டு 21 கொடுக்கும் கார் வாங்குகிறார் ஒருவர். 6 கொடுத்த ட்ரக்கை விற்றுவிட்டு 7.2 கொடுக்கும் ட்ரக் வாங்குகிறார் இன்னொருவர். இருவரும் ஆண்டுக்கு 16,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். காரில் மிச்சம் 381 லிட்டர். ட்ரக்கில் மிச்சம் 444 லிட்டர். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த மயக்கத்தை விளக்கி எழுதினார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பதே சரியான கேள்வி. 2013 மாடலிலிருந்து ஸ்டிக்கரிலும் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்று சின்ன எழுத்தில் போடுகிறார்கள். அதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கட்சி.

அதிகம் குடிக்கும் வண்டியில்தான் ஒவ்வொரு மைலும் முக்கியம் என்றால், ஸ்டிக்கர் மிகவும் தேவைப்படுவது எதற்கு? அரை டன்னுக்கும் மேலே இருக்கும் எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 வகைகளுக்கு. பெரியவர் அடுத்து அதில் ஒன்றை வாங்க யோசிக்கிறார். ஒரு சனிக்கிழமை அவருடன் ஷோரூமுக்குப் போனேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி வண்டியாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். விலை இருந்தது, இன்ஜின் விவரம் இருந்தது, சீட்டுத் துணியின் நிறம்கூட இருந்தது. மைலேஜ் கட்டம் மட்டும் இல்லை. சுமையோடு சேர்த்து 8,500 பவுண்டு, அதாவது 3,856 கிலோவுக்கு மேல் அனுமதி பெற்ற பிக்கப்களுக்கு அந்தக் கட்டம் தேவையில்லை என்கிறது விதி. 2014 மாடலிலிருந்து இவற்றுக்கும் எரிபொருள் வரம்பு உண்டு. கம்பெனி சோதித்து அரசிடம் எண்ணைக் கொடுக்கவும் செய்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு மட்டும் அதைக் காட்ட வேண்டியதில்லை.

பெரியவர் நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, மேலே அந்த வண்டியின் பெயரை எழுதினார். ஸ்டிக்கர் மைலேஜ் என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லை.

(தொடரும்)