கர்சர்: கணக்குப்பிள்ளையின் விரல்

ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பேச்சில் 'கர்சர்' என்ற சொல் அடிக்கடி வரும். திரையில் கண்சிமிட்டுகிற கோடுதானே என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வோம். தரவுத்தளக்காரர்கள் சொல்லும் கர்சர் வேறு. இலத்தீனில் இதற்கு 'ஓடுபவன்' என்று பொருள். பழைய ஸ்லைடு ரூலில் நகரும் கண்ணாடித் துண்டுக்கும் இதே பெயர்தான்.

பேரேட்டில் வரிவரியாக விரல் வைத்துக் கணக்குப்பிள்ளை இறங்கி வருவாரே, அந்த விரல்தான் கர்சர். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்து எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைத்து மொத்தமாகக் கையாளும் முறையை வகுத்தார். 1974-இல் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கான மொழியைத் தந்தார்கள். அதுதான் இன்றைய எஸ்.க்யூ.எல். அதில் ஒரு கேள்வி கேட்டால் ஆயிரம் வரிகள் ஒரே கொத்தாக விடையாக வரும். ஆனால் கோபால் போன்ற நிரல் மொழிகளுக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிதான் தெரியும். இரண்டுக்கும் நடுவே பாலமாக வந்ததே கர்சர்.

தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவைத்து, பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் நிரலுக்கு 'ஸ்டோர்டு புரொசீஜர்' என்று பெயர். அதில் கர்சருக்கு நான்கு படிகள். எந்த வரிகள் வேண்டும் என்று அறிவிப்பது டிக்ளேர். திறப்பது ஓப்பன். ஒவ்வொரு வரியாக எடுப்பது ஃபெட்ச். வேலை முடிந்ததும் மூடுவது க்ளோஸ். மூட மறந்தால் நினைவகம் வீணாகும்.

ஒரு கடைக்கணக்கைப் பார்ப்போம். வாடிக்கையாளர் ஒருவருக்கு மூன்று பில் பாக்கி: ரூ. 4,000, 3,500, 2,500. அவர் 6,000 கட்டுகிறார். பழைய பில்லிலிருந்து கழிக்க வேண்டும். கர்சர் முதல் பில்லை அடைக்கும். மீதி 2,000 கையில் இருக்கும். இரண்டாவதில் அதைக் கழித்து 1,500 பாக்கி வைக்கும். மூன்றாவதைத் தொடாது.

இதையே விரல் வைக்காமலும் செய்யலாம். பில்களின் கூட்டுத்தொகையை வரிசையாகப் போட்டால் 4,000, 7,500, 10,000. அது 6,000-க்குள் இருக்கும் பில் தீர்ந்தது. முதலில் தாண்டும் பில்லில் 7,500-இலிருந்து 6,000 போக, பாக்கி 1,500. அதற்கடுத்தவை அப்படியே நிற்கும். எஸ்.க்யூ.எல்.லின் 'விண்டோ' வசதியால் எல்லா வாடிக்கையாளருக்கும் இதை ஒரே கட்டளையில் முடித்துவிடலாம்.

எதற்கு இந்த வித்தியாசம்? முதலாவது, வேகம். வரி லட்சக்கணக்கில் போனால், ஒவ்வொரு ஃபெட்ச்சுக்கும் ஆகும் சிறு நேரம் சேர்ந்து மணிக்கணக்காகிவிடும். இரண்டாவது, பூட்டு. திருத்திக்கொண்டே போகும் வரிகளைத் தளம் பூட்டி வைத்தால், அந்நேரம் கல்லாவில் பில் போடுகிறவர் காத்திருக்க வேண்டியதுதான். மூன்றாவதுதான் வியாபாரிக்கு முக்கியம். வரிக்கு வரி தனித்தனியாகப் பதிவாகும்படி விட்டு, நடுவே கரண்ட் போனால் பாதிப் பேருக்கு வரவு விழுந்திருக்கும், பாதிப் பேருக்கு விழுந்திருக்காது. பணம் கட்டியவருக்கே மறுபடி பாக்கிச் சீட்டு போகும். முதலிலிருந்து ஓட்டினாலோ சிலருக்கு இருமுறை கழியும். இரண்டிலும் கெடுவது கடையின் நாணயம். ஒரே கட்டளை என்றால் முழுவதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது. கர்சர்தான் வேண்டுமென்றால், முழு வேலையையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் கட்டிவைக்க வேண்டும். தடைப்பட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

இந்தத் துறையில் நம் பக்கத்து மும்பை ஐ.ஐ.டி.க்கும் பங்குண்டு. ஒவ்வொரு வரிக்கும் திரும்பத் திரும்ப அழைக்கப்படும் புரொசீஜர்களைத் தொகுதியாக இயங்கும்படி மாற்றி எழுதும் வழியை 2008-இல் ரவீந்திர குரவண்ணவரும் பேராசிரியர் எஸ். சுதர்ஷனும் வெளியிட்டார்கள். அங்கே முனைவர் பட்டம் பெற்ற கார்த்திக் ராமச்சந்திரா, இரு துணை ஆசிரியர்களோடு 2020-இல் வெளியிட்ட 'அக்ரிஃபை' ஆய்வு, கர்சர் சுற்றுகளைத் தானாகவே மொத்தக் கணக்காக மாற்றிக் காட்டியது.

அதற்காகக் கர்சரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வரிக்கொரு கடிதம் அனுப்புவது, அட்டவணைக்கொரு பராமரிப்பு வேலை செய்வது போன்றவற்றுக்கு அதுதான் ஏற்றது. பிள்ளைகள் கர்சர் எழுத உட்காரும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இந்தக் கணக்கை மொத்தமாகப் போட முடியாதா? முடியாது என்று உறுதியான பின் விரலை வைக்கலாம்.