கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்ப்பு

வீடுகளில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர், அதில் உயிருள்ள நீர்ச்செடிகளையும் வளர்க்க விரும்புவது இயல்பே. இச்செடிகள் அழகுக்கு மட்டுமன்றி ஜலத்தின் சுத்தத்திற்கும் உதவுவன. மீன்களின் கழிவிலுண்டாகும் தழைச்சத்தை இவை எருவாக ஏற்றுக்கொள்கின்றன. ஆயினும், செடியை வளர்க்கும் முறையோடு, மிகுதியாக வளர்ந்ததைக் கழிக்கும் முறையையும் அறிந்திருத்தல் அவசியம். அதை அறியாமையால் விளையும் தீங்கு வீட்டோடு நில்லாமல் ஏரிக்கும் வயலுக்கும் சென்று சேரும்.

மண்ணும் நடவும்.— அடியில் ஓர் அங்குலம் களிமண் பரப்பி, அதன்மேல் நன்றாகக் கழுவிய ஆற்றுமணலை 2 அங்குலம் இடுக. சாணமும் மக்காத எருவும் ஆகா. அவை நொதித்து, ஜலத்திலுள்ள பிராணவாயுவைக் குறைத்து மீன்களைக் கொல்லும். நாடா போன்ற இலையுடைய வாலிஸ்நீரியாவை நடும்பொழுது குருத்து மணலுக்குமேல் நிற்கவேண்டும், புதைந்தால் அழுகும். ஜாவா பெரணியின் கிடைத்தண்டை மணலில் புதையாது, கல்லில் அல்லது கட்டையில் நூலால் கட்டுக.

வெளிச்சமும் ஜலமும்.— தொட்டியில் நேர்வெயில் பட்டால் பாசி படரும். மின்விளக்காயின் நாளொன்றுக்கு 8 மணி நேரம் போதும். வாரந்தோறும் நாலிலொரு பங்கு ஜலத்தை மாற்றுக. செடிகள் பகலில் பிராணவாயுவை வெளிவிட்டாலும், இரவில் மீன்களைப் போலவே அதை உட்கொள்கின்றன. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால், தொட்டியில் நெருக்கம் மிகுந்துவிட்டதென்று கொள்க.

கழிக்கும் முறை.— வெட்டிய செடிகளை வாய்க்காலிலோ குளத்திலோ எறிதல் பெருந்தவறு. பிரேசில் நாட்டு சால்வீனியா என்னும் மிதக்கும் பெரணி, 1939-இல் தாவரக் கல்வியின் பொருட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் அங்குள்ள குளங்களிலும் நெல்வயல்களிலும் பரவிற்று. இது விதையால் பெருகுவதன்று. மொட்டுள்ள ஒரு துண்டே போதும். கேரளத்தின் குட்டநாட்டு வயல்களையும் இது மூடிற்று. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சிறு கூன்வண்டினத்தை 1983 முதல் கேரளத்தில் விட்ட பின்னரே இக்களை அடங்கிற்று. நமது ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரையும் அழகுச் செடியாகவே அயல்நாட்டிலிருந்து வந்தது; அதன் விதை சேற்றில் பல்லாண்டு உயிரோடிருக்கும்.

ஆதலின், கழித்த செடிகளை நீர்நிலைக்குத் தொலைவில் பரப்பி, சருகாகும்வரை வெயிலில் உலர்த்தி, பிறகு எருக்குழியில் இடுக. பூத்தவற்றையும் காய்த்தவற்றையும் உலர்த்தி எரித்தலே நலம். தொட்டி ஜலத்தைச் சாக்கடையில் விடாது தென்னையின் அடியில் ஊற்றினால், தழைச்சத்தும் வீணாகாது.

கிராம அதிகாரிகள் மதகருகிலும் வாய்க்கால் முகப்பிலும் புதிய மிதவைச்செடி தென்படுகிறதா என்று அடிக்கடி பார்வையிடுதல் நன்று. ஒரு கூடையளவில் இருக்கையில் ஓராள் அகற்றக்கூடியதை, ஏரி முழுவதும் பரவியபின் ஊரே கூடினாலும் அகற்றுதல் அரிது.