மலை வீட்டு அலமாரியில் துணி தொங்கும் இடம்
தமிழ்நாட்டு வீடுகளில் அறைக்குள் கட்டிய கொடி வகித்த இடத்தை, ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் போன்ற ஊர்களின் கான்கிரீட் வீடுகளில், சுவரோடு பொருத்திய அலமாரி பிடிக்கலாம். ஹேங்கர் எனப்படும் துணிமாட்டி சுமார் 45 செ.மீ. அகலமுடையது என்பதால், உள்ளாழம் 55 செ.மீ.க்குக் குறைந்தால் கதவு சட்டையின் தோளைக் கசக்கிவிடும். கம்பிக்குக் கீழே சட்டைக்கு 100 செ.மீ. போதும், நீண்ட அங்கிக்கு 150 செ.மீ. வேண்டும் என்றிருக்க, முழு உயரத்தையும் ஒரே கம்பிக்கு விடுவது வீண். சரிகை கனத்த பட்டுப்புடவையோ தொங்கினால் இழை தளரும். அதற்கு மடித்து வைக்கும் தட்டே தகும்.

மலையில் மழைக்கால ஈரம் சுவரில் இறங்கிப் பூசணம் பிடிக்குமாதலால், வெளிச்சுவருக்கும் பின்பலகைக்கும் இடையே விரலளவு இடைவெளியும், கதவில் காற்றுத்துளைகளும் அவசியம். தச்சர் பலகையை அறுக்குமுன், வீட்டிலுள்ள மிக நீண்ட உடையை அளந்து சொல்லிவிட வேண்டும்.