பரண்மேல் இருக்கும் குரல்

பாரூர்ப் பெரிய ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என் பெரியப்பா வீடு. போன பொங்கலுக்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது மாங்காய்க் கூடைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. திறந்தால் கேசட்டுகள், 40க்குக் குறையாது. "எறும்பு கூடு கட்டியிருக்கும். கொண்டுபோய்க் குப்பையில கொட்டுங்க" என்றார் பெரியப்பா. பெட்டியைக் கையில் வாங்கிய அவர் பேரன் அதற்குப் பிறகு யாரிடமும் தரவில்லை. "இதெல்லாம் இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது தாத்தா!"

அவனுக்கு 24 வயது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கைக்கடிகாரம், மோட்டார் சைக்கிள், செல்போன் உறுப்புகள் என்று நாட்டுக்கே செய்து அனுப்பும் ஊர் அது. உலகத்துப் பாட்டெல்லாம் அவன் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனாலும் பெங்களூரு ஞாயிறு சந்தையில் பேரம் பேசிப் பழைய டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி, ரப்பர் பெல்ட் மாற்றி, தன் அறையில் வைத்திருக்கிறான். பழையதைத் தேடிப் போவது அவன் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2022இல் 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன, குறுந்தகடுகள் 3.3 கோடிதான். 1987க்குப் பிறகு தட்டு முந்தியது அதுவே முதல் முறை. பாரூரில் நான் பார்த்ததும் இந்த அலையின் ஒரு துளிதான்.

பெரியப்பா தலைமுறைக்குப் பாட்டு என்பது அடுத்தவர் வீட்டிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு மைக் செட் கட்டினால் புளியமரத்துக் குழாய் ஸ்பீக்கரில் திருவிளையாடல் படத்தின் கதை வசனம் ஊர் முழுக்கக் கேட்கும். தட்டைத் தொட மைக் செட்காரருக்கு மட்டுமே உரிமை. வீட்டில் ரேடியோ வைத்தால் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். அந்த வழக்கம் 80களின் நடுவில்தான் ஒழிந்தது. இலங்கை வானொலியைச் சிற்றலையில் பிடிக்க முள்ளை மயிரிழை அளவு நகர்த்தியவர்கள் இவர்கள். இரைச்சலோடு போராடிக் கேட்ட அவர்களிடம் போய் 'அந்த இரைச்சல்தான் அழகு' என்று சொன்னால் எப்படி ஒப்புவார்கள்?

நடுவில் இருக்கிறோம் நாங்கள், 50ஐத் தொட்டவர்கள். எங்கள் கோவில் ரெக்கார்டிங் சென்டர். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் கண்காட்சியில் காட்டிய கேசட் என்ற அந்தச் சின்னப் பெட்டி, 80களில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் கடைத்தெருக்களுக்கு வந்து சேர்ந்தது. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் சென்டரில் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60ஆ 90ஆ, டிடிகேவா சோனியா, எல்லாம் காசைப் பொறுத்தது. 60 என்றால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். எந்தப் பாட்டை நீக்கினால் கடைசிப் பாட்டு பாதியில் அறுபடாது என்று கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கில் எவ்வளவு ஆசை இருந்தது! ஒரு வாரம் கழித்துக் கேசட் கைக்கு வரும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம், அறுந்தால் நகப்பூச்சு வைத்து ஒட்டுவோம். எனக்குக் கேசட்டின் மேல் பாசம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் நான் ஏங்குவது கேசட்டுக்கா, பதினேழு வயதுக்கா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இளையவனுக்கு அப்படிப்பட்ட நினைவு ஏதும் இல்லை. அவனிடம் கேட்டேன். "போன்ல ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்ததுக்குத் தள்ளிவிட்டுடறேன் சித்தப்பா. இதுல அது முடியாது. உக்காந்து கேக்க வேண்டியிருக்கு." இதைச் சிலர் பகட்டு என்கிறார்கள். நான் ஒப்பவில்லை. கேட்பதற்கென்று உட்காரும் ஒருவன் 24 வயதில் கிடைப்பது சாதாரணமா?

மூன்று தலைமுறைக்காரர்களும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு இருப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது: குரல்களைக் காப்பாற்றுவது. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல், 27 வயதில் இறந்தார். சினிமாவில் அவர் நடித்ததில்லை. அவர் குரல் இன்று நமக்குக் கேட்பது கிராமபோன் தட்டுகளால்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் அந்தத் தட்டு, மரத்தில் பூச்சி சுரக்கும் அரக்கால் ஆனது. கீழே விழுந்தால் உடையும். வி.ஏ.கே.ரங்காராவ் போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் தட்டுகளைத் தேடிச் சேர்த்தார்கள். மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்றே ஒரு சங்கம் உண்டு. ஆனாலும் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. கடையில் விற்ற தட்டு ஒன்று உடைந்தால் வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி இருக்கும்.

பெரியப்பா பெட்டியில் இருந்தவை கடையில் விற்றவை அல்ல. ஒன்றின் மேல் பேனாவால் 'படுகளம் – 2' என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக நாட்கணக்கில் நடந்து, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்துக்கு முன்னால் படுகளம் நடக்கும். அதைப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து யாரோ பிடித்திருக்கிறார்கள். உலகத்திலேயே அதற்கு ஒரு பிரதிதான்.

போட்டுப் பார்த்தோம். மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் மேலே இரைச்சல். பேரன் அந்த இரைச்சலையே ரசித்துக்கொண்டிருந்தான். திண்ணையில் இருந்த பெரியப்பா எழுந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். "இது நம்ம கூத்து வாத்தியாரு குரல். துரியோதனன் வேசம் அவருதான் கட்டுவாரு." கொஞ்ச நேரம் கழித்து, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் யாரையோ அதட்டிக் கூப்பிடும் சத்தம். பெரியப்பா கையைத் தூக்கி எங்களை அமர்த்தினார். "உங்க பெரியம்மா" என்றார். பெரியம்மா போய் 19 வருடம் ஆகிறது. நினைவு தெரிந்த பிறகு அந்தக் குரலை அவர் பேரன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான்.

கருவியை ஓட்டத் தெரிந்தவன் அவன். குரலுக்கு உரியவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் இவர். ஒருவர் இல்லாமல் மற்றவரிடம் இருப்பது வெறும் பிளாஸ்டிக்தான்.

காலமும் அதிகம் இல்லை. பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு துகளைப் பசை பிடித்து வைத்திருக்கிறது. ஈரத்தில் அந்தப் பசை விட்டுப்போகும், பூஞ்சை படரும். பழைய கேசட் கிடைத்தால் உடனே ஓட்ட வேண்டாம். வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். முதுகுப் பக்கம் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் அதன்மேல் புதிதாகப் பதிவாகாது. எத்தனையோ வீடுகளில் பாட்டியின் ஒப்பாரிமேல் சினிமாப் பாட்டைப் பதிந்து அழித்திருக்கிறோம், நானே செய்திருக்கிறேன். டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஓடும்போதே கணினியிலோ போனிலோ ஏற்றிக்கொள்ளுங்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் குரல், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டியில் இன்னும் 11 கேசட்டுகளுக்குப் பெயர் எழுதவில்லை. பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. பெரியப்பாவுக்கு 82 வயது.