தொட்டில் கட்டுமுன் ஒரு கணக்கு
பிறக்கப்போகும் குழந்தைக்கு எவை தேவை? எவை வீண்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். மனைவிக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்துவிட்டது. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு. பட்டறை நண்பர்களும் பக்கத்து வீட்டாரும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட பட்டியல் அது. மரத்தொட்டில், மெத்தை, தலையணை, தள்ளுவண்டி, சக்கரம் வைத்த நடைவண்டி, பால் புட்டி ஆறு, புட்டியைச் சுத்தம் செய்யும் மின்சாரக் கருவி, பால் மாவு டப்பா, பவுடர், வாசனை எண்ணெய், கண் மை, ஒரு டஜன் புதுச் சட்டை... ஓ.டி. கடைத்தெருவில் விலை கேட்டுப் பார்த்தார். கூட்டிப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளம் போதாது போலிருக்கிறது. "சங்கிலியை அடகு வைத்தால் என்ன?" என்று மனைவியே கேட்கிறாள்.

இது ஒரு வீட்டில் மட்டும் நடக்கும் பேச்சன்று. ஆவடியிலும் பூந்தமல்லியிலும், மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீடுகள் பலவற்றில் இந்தக் கணக்கு நடக்கிறது. குழந்தைக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்ற ஆசை நியாயமானதே. ஆனால் அந்தச் சீட்டில் உள்ளவற்றில் எத்தனை குழந்தைக்கு உண்மையிலேயே தேவை?

இரண்டு பெட்டிகள்

இந்தக் கேள்விக்கு இரண்டு அரசாங்கங்கள் ஏற்கெனவே விடை சொல்லியிருக்கின்றன. ஒன்று நமது தமிழ்நாடு. மற்றது தொலைதூரத்தில் உள்ள பின்லாந்து.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு பரிசுப் பெட்டகத் திட்டம் தொடங்கப்பட்டது. 1,000 ரூபாய் மதிப்புள்ள அந்தப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, ஒரு பொம்மை ஆகியவை குழந்தைக்கு. கை கழுவும் திரவம், குளியல் சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம் ஆகியவை தாய்க்கு. இவை எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஒரு பை.

பின்லாந்தின் கதை இதைவிடப் பழையது. 1938-ல் அந்நாட்டு அரசாங்கம் ஏழைத் தாய்மார்களுக்குப் பிரசவப் பெட்டி கொடுக்கத் தொடங்கியது. 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் அது கிடைத்தது. துணிமணிகளும் சிறு மெத்தையும் அடங்கிய அந்த அட்டைப் பெட்டியே எத்தனையோ குழந்தைகளுக்கு முதல் கட்டிலாகவும் இருந்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கர்ப்பத்தின் நான்காவது மாதம் முடிவதற்குள் தாய் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். பெட்டியை விட அந்தப் பரிசோதனையே முக்கியம் என்று அவர்கள் கருதினார்கள்.

நமது பெட்டகத்தில் பால் புட்டி கிடையாது. பின்லாந்தின் பெட்டியிலிருந்தும் அது பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. கொடுப்பதற்குப் பணம் இல்லாமல் அல்ல, கொடுக்கக்கூடாது என்பதற்காகவே. குழந்தைக்கு எதை வாங்குவது என்பதைப் போலவே, எதை வாங்காமல் இருப்பது என்பதும் பெரிய விஷயம்.

பாட்டியின் பெட்டியில் இருக்கிறது

முதலில் துணிமணி. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், பழைய வேட்டியையும் நூல் புடவையையும் கிழித்துச் சுற்றுவது நம் வீடுகளின் வழக்கம். இதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிட வேண்டாம். பலமுறை துவைத்த பருத்தித் துணி மிருதுவானது, வியர்வையை உறிஞ்சும், கஞ்சியும் சாயமும் எப்போதோ போயிருக்கும். குழந்தையின் தோலுக்கு அதைவிட நல்ல துணி எந்தக் கடையிலும் இல்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. பாட்டியின் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணியை அப்படியே எடுத்துச் சுற்றக்கூடாது. சில குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நெடி இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்துருண்டை படாத துணியாகத் தேர்ந்தெடுத்து, துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்திக்கொள்வதே நலம்.

எத்தனை துணி வேண்டும்? முதல் வாரம் கழிந்ததும், வயிறு நிறையப் பால் குடிக்கும் குழந்தை நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழிக்கும். ஆகவே இடுப்புத் துணி இரண்டு டஜன் இருந்தால் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிறக்கும் குழந்தையானால் இன்னும் ஒரு டஜன் சேர்த்துக்கொள்ளலாம், துணி காயாது. முன்புறம் முடிச்சிடும் ஜப்ளா ஆறு, போர்த்தும் துணி நான்கு, துண்டு இரண்டு, குல்லாய் ஒன்று, ரப்பர் விரிப்பு இரண்டு. இவ்வளவே போதும்.

புதுச் சட்டைகளை டஜன் கணக்கில் வாங்குவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐந்தாறு மாதத்திற்குள் குழந்தையின் எடை இரண்டு மடங்காகிவிடும். பிறந்தபோது வாங்கிய சட்டையில் பாதியைப் போட்டுப் பார்ப்பதற்குள்ளேயே அது சிறிதாகிவிடும்.

எறிந்துவிடும் டயபர் இன்று எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. வெளியூர்ப் பயணத்துக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதற்கும் அது வசதியே. ஆனால் நாள் முழுவதும் அதுவே என்றால்? ஒன்று 10 ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு எட்டு என்றால் மாதத்துக்கு 2,400 ரூபாய். நனைந்ததை உடனே மாற்றாவிட்டால் தோல் சிவந்து புண்ணாகும்.

படுக்கையில் தலையணை வேண்டாம்

குழந்தை படுக்கத் தட்டையான, சற்றுக் கெட்டியான விரிப்பே போதும். தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வேண்டும் என்று விற்கப்படும் கடுகுத் தலையணையும் வேண்டாம். மிருதுவான மெத்தையும் தலையணையும் பொம்மைகளும் குழந்தையின் மூக்கை அடைத்துவிடக்கூடும்.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கச் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் 1994-ல் ஒரு பிரசாரம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் தொகை அங்கே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

தூளியை விட்டுவிட வேண்டுமா? குழந்தையை ஆற்றுவதற்குத் தூளி நல்ல துணைதான். ஆனால் கழுத்து நிற்காத குழந்தை அதில் சுருண்டு, தாடை மார்பில் அழுந்திவிட்டால் மூச்சு முட்டும். பெரியவர் கண்ணெதிரே இருக்கும் நேரத்தில் மட்டும் தூளி. நெடுநேரத் தூக்கத்துக்குத் தட்டையான படுக்கை.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஏரிகளுக்கும் சாக்கடைகளுக்கும் பக்கத்தில் குடியிருப்போருக்குக் கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குடை போல் விரியும் சிறு கொசுவலை கட்டாயம் வாங்க வேண்டிய பொருள். கொசுவர்த்திச் சுருளின் புகையும் சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகா.

குளியல் மாடத்தில் எவை?

பிறந்தவுடன் குளிப்பாட்டும் அவசரம் வேண்டாம். ஒரு நாளாவது பொறுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடல் சூடு இறங்கிவிடும் என்பதே காரணம். பிறகு ஒரு சிறு தொட்டி, ஒரு குவளை, மென்மையான சோப்பு இருந்தால் போதும். தடவ எண்ணெய் வேண்டுமானால் தேங்காய் எண்ணெய் உண்டு. அதை மூக்கிலும் காதிலும் விடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். தொப்புள் கொடியின் மேல் எதையும் தடவாமல் உலரவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழுந்துவிடும்.

பவுடரைச் சீட்டிலிருந்து அடித்துவிடலாம். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். கண் மையையும் அடித்துவிடலாம். சிலவகை மைகளில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. திருஷ்டிப் பொட்டு அவசியம் என்று பாட்டி கருதினால், பாதத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். கை வாய்க்குப் போகும். பாதம் அவ்வளவு எளிதில் போகாது!

சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு, கிரைப் வாட்டர் இவை எதுவும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். தேனை ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, சிசுவின் நரம்புகளைச் செயலற்றதாக்கிவிடும்.

புட்டி ஏன் கூடாது?

முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் ஒன்றே உணவு, தண்ணீர்கூட வேண்டாம். சித்திரைக் கத்திரி வெயிலிலும் அப்படித்தான். அந்தப் பாலிலேயே போதிய நீர் இருக்கிறது. புதுக் குழந்தைக்கு இரவும் பகலுமாக எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் தேவைப்படும்.

புட்டியையும் ரப்பர் காம்பையும் முற்றிலும் சுத்தமாக வைப்பது எளிதன்று. ஒட்டிய பாலில் கிருமி வளரும், வயிற்றுப்போக்கு வரும். புட்டிக்குப் பழகிய குழந்தை தாயிடம் குடிக்க மறுப்பதும் உண்டு. இதையெல்லாம் கருதித்தான் பால் மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடை செய்தது. 2003-ல் அது மேலும் இறுக்கப்பட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது நினைவிருக்கும். அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணை இருந்தும், வெள்ளம் சூழ்ந்த சென்னையில் ஒரு பாக்கெட் பாலுக்குத் தட்டுப்பாடு. அந்த நாட்களில் எந்தக் கடையையும் நம்பியிராத சிசு, தாயிடம் பால் குடித்த சிசுதான்.

தாய் வேலைக்குத் திரும்ப நேரிட்டால்? பாலைப் பீய்ச்சி வைத்துப் பாலாடையில் புகட்டலாம். சங்கு என்றும் சொல்லுவார்கள். நம் கொள்ளுப்பாட்டிகள் காலத்துக் கருவி அது. மூலை முடுக்கில்லாததால் கொதிநீரில் போட்டால் சுத்தமாகிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றைய பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அதையே பயன்படுத்துகிறார்கள். தாய்ப்பால் போதவில்லை என்றோ, தாய்க்கு நோய் என்றோ நிலை வந்தால் டாக்டரின் யோசனைப்படி வேறு பால் கொடுக்கலாம். அதில் எந்தத் தாயும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்த குழந்தைக்குக் கதகதப்பு முக்கியம். அதற்கும் விலையுயர்ந்த பொருள் வேண்டாம். குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைத்திருக்கும் முறை, 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில், கருவிகள் போதாத நெருக்கடியில் பிறந்தது. இன்று உலகமெங்கும் அது பரவியிருக்கிறது. தாய்க்குப் பதில் தகப்பனும் அணைத்துக்கொள்ளலாம்!

வாங்க மறக்கும் பொருள்கள்

சீட்டில் யாரும் எழுதாத ஒரு பொருள் டிஜிட்டல் தெர்மாமீட்டர். குழந்தையின் சூடு 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஏறினாலும், போர்த்தி அணைத்தும் சில்லிட்டுக் கிடந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், நிமிஷத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தாலும் கை வைத்தியம் பார்த்துக் காத்திருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் 108-ஐ அழைக்கலாம்.

மற்றொன்று காகிதங்கள் வைக்க ஒரு உறை. தடுப்பூசி அட்டை அதில் இருக்கட்டும். பிறந்த உடனே போடுபவை, பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் போடுபவை எல்லாம் அரசாங்க ஆரோக்கிய நிலையங்களில் இலவசம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பள்ளிக்கூடச் சேர்க்கை முதலியவற்றில் வயதுக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பிரசவத்துக்குப் போகும் ஆஸ்பத்திரியில் என்னென்ன கொடுப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் அவற்றை இரண்டாம் முறை வாங்க நேராது.

கடைசியாக, குழந்தைக்கு மிகவும் வேண்டிய ஒன்று தாயின் நேரமும் உடல்நலமும். தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் பிரசவ விடுமுறையை 2017-ல் சட்டம் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, உயர்த்தியது. ஆறு மாதம் தாய்ப்பால் என்ற கணக்கோடு அது பொருந்துவதைக் காணலாம். தள்ளுவண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் தாய்க்கு முட்டை, கீரை, பருப்பு, பழம் வாங்கினால் பலன் இரட்டிப்பு. பத்தியம் என்று அவளை அரை வயிற்றில் வைக்கலாகாது.

அம்பத்தூர் இளைஞர் சீட்டைத் திரும்ப எடுத்து அடிக்க ஆரம்பித்தால் என்ன மிஞ்சும்? ஆறு ஜப்ளா, இரண்டு துண்டு, ரப்பர் விரிப்பு, கொசுவலை, சோப்பு, சிறு தொட்டி, நகவெட்டி, ஒரு பாலாடை, ஒரு தெர்மாமீட்டர். மற்றவை பாட்டியின் பெட்டியிலும் தாயின் மடியிலும் இருக்கின்றன. சீட்டின் ஒரு பக்கத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். பின்னால் ஒரு நாள் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அது உதவும். ஒன்றும் வராவிட்டால், அந்தப் பிஞ்சு விரல்கள் பிடித்து இழுத்து விளையாட அதைவிட நல்ல பொம்மை வேறு எது?