லிபியா தேசத்துப் பாலைவனமும் அதன் ஜலாதாரமும்

ஆப்பிரிக்காவின் வடகரையில், எகிப்துக்கு மேற்கே, மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்துள்ளது லிபியா தேசம். இதன் விஸ்தீரணம் ஏறக்குறைய 6,79,000 சதுர மைல். கடற்கரையின் நீளம் சுமார் 1,100 மைல். இவ்வளவு பெரிய தேசத்தில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் கிடையாது. நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் பாலைவனமே. பாலைவனம் என்றவுடன் மணல்மேடுகளையே நினைப்பது வழக்கமாயினும், அங்கே 'ஹமாதா' எனப்படும் வெறுங்கல் பரப்பும், சரளை பரவிய சமவெளியும் பல நூறு மைல் நீண்டு கிடக்கின்றன.

மழை பெய்வது குளிர்காலத்தில்தான். திரிபோலி நகரில் வருஷத்திற்குச் சுமார் 13 அங்குலம். கிழக்கே ஜெபல் அக்தர், அதாவது பசுமலை என்னும் மேட்டுப்பகுதியில் 20 அங்குலமும் சிற்சில இடங்களில் அதற்கு மேலும் பெய்யும். தெற்கே குப்ராவில் பெயருக்கும் மழையில்லாமல் வருஷங்கள் கழிவதுண்டு. ஆகவே வாற்கோதுமையும் ஒலிவமும் பெரும்பாலும் கடலோரத்துப் பயிர்கள். உள்நாட்டில் ஊற்று உள்ள இடத்தில் பேரீச்சை.

வசந்த காலத்தில் தெற்கிலிருந்து 'கிப்லி' என்னும் அனற்காற்று வீசுகிறது. சில மணி நேரத்திற்குள் உஷ்ணம் மிகுந்து, தூசியால் வானம் மங்கிவிடும். கதிர் பால் பிடிக்குங்கால் இது வீசினால் மணி சுருங்கிப் பதராகும். திரிபோலிக்குத் தெற்கேயுள்ள அஸீஸியாவில் 1922 செப்டம்பர் 13-ந் தேதி 136 டிகிரிக்கு மேல் உஷ்ணம் பதிவாயிற்று என்று தொண்ணூறு வருஷ காலம் உலகம் நம்பிவந்தது. உலக வானிலை ஸ்தாபனத்தார் 2012-ல் அதனைத் தள்ளிவிட்டனர். பழக்கமில்லாத ஒருவர் கருவியைப் பிழையாகப் பார்த்திருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. பதிவேட்டில் எண்களைக் கட்டம் மாற்றி எழுதியிருந்ததும் ஒரு சாட்சியாயிற்று. மழைமானி பார்த்துக் கணக்கெழுதும் கிராம அதிகாரிகள் இச்செய்தியைச் சற்றுக் கவனிக்கலாம்.

இனி ஜலத்தைப் பற்றிக் கூறுவோம். பெஸ்ஸான் பகுதியின் பழைய இறைப்பு முறையை நம் குடியானவர் கண்டால் புதிதென்று எண்ணார். கிணற்றின்மேல் உருளை, அதில் வடம், வடத்தின் நுனியில் வால் உள்ள தோற்சால், சரிவில் இறங்கி இழுக்கும் மிருகம். கவலையேற்றமேதான்; மாட்டுக்குப் பதிலாகக் கழுதை என்பதே முக்கியமான வேறுபாடு. கதாமிஸ் என்னும் பழைய ஊரிலோ ஓர் ஊற்றே தோட்டங்களுக்கெல்லாம் பாய்ந்தது. அடியில் துளையிட்ட பாத்திரத்தில் நீரை நிரப்பி, அது ஒழியும் நேரத்தை ஓர் அளவாகக் கொண்டனர். ஒவ்வொரு முறை ஒழியும்போதும் காவலாள் பேரீச்ச ஓலையில் ஒரு முடிச்சிடுவான். எத்தனை முடிச்சோ அத்தனை பாய்ச்சல். முறைத் தகராறு தீர்க்க இதைவிட எளிய கணக்கு இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

எண்ணெய் தேடித் துளையிட்ட காலத்தில் தென்பாகத்துப் பூமியின் ஆழத்தில் பெருவாரியான நன்னீர் இருப்பது வெளிப்பட்டது. இது பதினாயிரம் வருஷங்களுக்கு முன்னும் அதற்கு முன்னும், அப்பிரதேசத்தில் மழை பெய்த காலத்தில், பாறையில் ஊறித் தங்கியது. இப்போது அங்கு மழையில்லாமையால் எடுத்த அளவு திரும்ப ஊறுவதில்லை. இஃது ஊற்றன்று, குதிர் என்று கொள்ளவேண்டும். குப்ராவில் இந்நீரைக் கொண்டு குதிரைமசால் பயிரிட்டு ஆடு வளர்த்தனர். நடுவே கிணறு, அதைச் சுற்றிச் சக்கரங்களின்மேல் ஊர்ந்து நீர் தெளிக்கும் நீண்ட குழாய், பயிர் வட்டவட்டமாக விளையும். பார்வைக்கு அழகுதான். ஆனால் உச்சிவெயிலில் தெளிக்கும் நீரில் எவ்வளவு ஆவியாய்ப் போகும் என்பதை விவசாயி எவரும் ஊகிக்கலாம். சேமநீரைத் தீவனப்பயிருக்குச் செலவிட்டது சரியன்று என்பதே எமது அபிப்பிராயம்.

கடலோர ஜெபாராச் சமவெளியின் நிலைமை வேறு. அங்கே கிணறுகள் பெருகி, எஞ்சின் வைத்து இறைத்ததனால் நீர்மட்டம் வருஷந்தோறும் தாழ்ந்தது. நன்னீர் தாழ்ந்தவுடன் கடல்நீர் பூமிக்கடியில் உட்புகுந்து, திரிபோலியை அடுத்த கிணறுகள் உப்புக்கரிக்கலாயின. உப்பேறிய கிணற்றை மீட்பது லேசான காரியமன்று. இக்குறையைப் போக்கவும் நகரங்களுக்குக் குடிநீர் அளிக்கவுமே 1984-ல் பெருங்குழாய் வேலை தொடங்கிற்று. சுமார் 13 அடி விட்டமுள்ள கான்கிரீட் குழாய்களைப் பூமியில் புதைத்துத் தெற்கத்திய நீரை வடக்கே கொண்டுவந்தனர். அந்நீர் 1991-ல் பெங்காசியையும் 1996-ல் திரிபோலியையும் அடைந்தது.

பிரயாணத்திற்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச்சு வரை. கடற்கரை நெடுக 1937-ல் இத்தாலியர் போட்டு முடித்த சாலை டுனீசிய எல்லையிலிருந்து எகிப்திய எல்லை வரை செல்கிறது. திரிபோலியிலிருந்து தெற்கே ஸெபா நகருக்குச் சுமார் 480 மைல். முன்பு ஒட்டகக் கூட்டங்கள் கிணற்றுக்குக் கிணறு கணக்கிட்டே வழிநடந்தன. கிணறு தூர்ந்திருந்தால் கூட்டமே அழியும். இக்காலத்தில் மோட்டார் உண்டு. ஆயினும் 2011-ல் ஏற்பட்ட உள்நாட்டுக் கலகத்திற்குப் பின் வழிப்பயணம் ஆபத்துள்ளதாகிவிட்டது. அக்குழப்பம் நீரையும் விடவில்லை. பெருங்குழாயின் மேற்குப் பகுதிக்குரிய 479 கிணறுகளில் 101 கிணறுகளின் சாதனங்கள் 2019-ம் வருஷ மத்திக்குள் பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டதாக அதன் அதிகாரிகள் தெரிவித்தனர்.