“அவன் எப்பவும் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்

சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான், தலையில் தானே அடித்துக்கொள்கிறான், ராத்திரியெல்லாம் கத்துகிறான். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரிடம் இந்த மாற்றங்களைப் பார்த்ததும், “அவன் எப்பவும் அப்படித்தான்” என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். சொத்தைப் பல்லோ குடல் அடைப்போ காரணம் என்று தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் 247 மரணங்களை பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து 2013-இல் அறிக்கை தந்தது. மற்றவர்களைவிட இவர்களில் ஆண்கள் 13 ஆண்டுகள், பெண்கள் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்திருந்தார்கள்.

வலி தெரியாது என்பது பொய்

இவர்களுக்கு வலி உறைக்காது என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. வலி எல்லாருக்கும் உண்டு. சொல்லும் விதம்தான் வேறு. ஒருவர் கத்துவார், இன்னொருவர் பேச்சையே நிறுத்திவிடுவார். அந்த வித்தியாசம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

“அவருக்கு என்ன புரியும்” என்று கூட வந்தவரிடம் மட்டும் பேசுவதும் தவறு. எளிய சொற்களில், படம் காட்டி, பதிலுக்குக் காத்திருந்து கேட்டால் பலர் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

ஆபத்தான இன்னொரு நம்பிக்கை, முரண்டு பிடித்தால் மாத்திரை கொடுத்து அடக்கலாம் என்பது. அதற்குரிய மனநோய் எதுவும் பதிவாகாமலே அறிவுசார் குறைபாடு உள்ள 30,000 முதல் 35,000 பேர் தினமும் மனநல மருந்துகள் விழுங்குவதாக 2015-இல் இங்கிலாந்து பொதுச் சுகாதாரத் துறை கணித்தது. இவற்றில் பல மருந்துகள் மலச்சிக்கலையும் கொண்டுவரும். வீட்டிலோ, கடையில் கிடைக்கும் மலமிளக்கியைக் கொடுத்துக் கொடுத்து நாளைக் கடத்துகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2012-இல் இப்ஸ்விச் மருத்துவமனையில் 33 வயது இளைஞர் ஒருவரின் குடலிலிருந்து சுமார் 10 கிலோ மலத்தை அகற்றினார்கள். அவர் பிழைக்கவில்லை.

பெற்றோர் எச்சரித்தும்

ஆலிவர் மெகவனுக்கு 18 வயது. ஆட்டிசமும் வலிப்பும் லேசான அறிவுசார் குறைபாடும் இருந்தன. மனநோய்க்கான மருந்துகள் தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரே சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். அதையும் மீறி, அத்தகைய மருந்தான ஓலான்சபைன் கொடுக்கப்பட்டது. கடும் பக்கவிளைவில் மூளை சேதமடைந்து, 2016 நவம்பரில் அவர் இறந்தார்.

அவருடைய அம்மா பாலா மெகவன் ஓயவில்லை. அவர் போராட்டத்தின் பலனாக, மருத்துவ, பராமரிப்பு ஊழியர்களுக்கு அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் குறித்த பயிற்சியை 2022-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆலிவர் பெயரிலேயே நடக்கும் அந்தப் பயிற்சியில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களும் பயிற்றுநர்களாக நின்று பேசுகிறார்கள். எந்தப் பாடப்புத்தகமும் இதற்கு ஈடாகாது.

மூன்று நிறத் தாள்கள்

இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில், நோயாளியைப் பற்றிய விவரங்கள் அடங்கிய ‘ஹாஸ்பிட்டல் பாஸ்போர்ட்’ வழக்கத்தில் இருக்கிறது. சிவப்புப் பகுதியில் ஒவ்வாத மருந்துகள், வலிப்பு போன்ற உயிர் காக்கும் விவரங்கள். மஞ்சளில் சாப்பிடும் முறை, வலித்தால் என்ன செய்வார் என்பவை. பச்சையில் பிடித்தது, பிடிக்காதது. இதை எழுதுவது நோயாளியும் குடும்பமும்தான். நள்ளிரவில் அவசரப் பிரிவில் முகம் தெரியாத டாக்டருக்கு இந்தத் தாள்களே வழிகாட்டி. ஆனால் யாராவது படிக்க வேண்டுமே!

14 வயது முதல் ஆண்டுக்கொரு இலவசப் பரிசோதனையும் உண்டு: எடை, ரத்த அழுத்தம், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை.

லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு

2023-இல் வெளியான ஓர் அறிக்கை நெஞ்சைப் பிசைகிறது. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ள சிறுபான்மை இனத்தவர் சராசரியாக 34 வயதில் இறக்கிறார்கள்; வெள்ளையர் 62 வயதில். நம் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். குடும்ப டாக்டரின் அறிவுசார் குறைபாட்டுப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். மொழி தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அது இலவசம். பாஸ்போர்ட்டைப் பிள்ளையோடு உட்கார்ந்து நிரப்புங்கள். பிள்ளையிடம் ஏதோ மாறியிருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், டாக்டர் தலையாட்டி அனுப்பினாலும் எழுந்து வராதீர்கள்.